தண்டல் தொம்மந்திரை வாங்கிய மெடல்

புது வலைக்கூடத்துக்கு யார் பேரை வைப்பது என்று எங்கள் தூத்துக்குடி மீனவர் சங்கத்தில் பேச்சு வந்தது. கஸ்பார் கர்வாலியோ அண்ணன் உடனே எழுந்து, தன் பூட்டன் பேரைத்தான் வைக்க வேண்டும் என்றார். பூட்டன் தொம்மந்திரை தோணி ஓட்டிய தண்டலாம். கடலில் உயிர்களைக் காப்பாற்றி வெள்ளைக்காரத் துரையிடம் மெடல் வாங்கியவராம். அதற்கு அத்தாட்சி தேடி அண்ணன் மூன்று தடவை சென்னைக்குப் போய் பழைய ஆவணங்களைப் புரட்டினார். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பூட்டன் கொஞ்சம் வளர்ந்திருப்பார்.

முதல் தடவை, தோணி கவிழ்ந்து தத்தளித்த ஏழு பேரைக் கரை சேர்த்திருந்தார். இரண்டாம் தடவை தோணி நீராவிக் கப்பலாகி, ஏழு எழுபதாகியிருந்தது. எழுபது பேரையும் எப்படித் தூக்கினார் என்று தலைவர் பெலவேந்திரன் ரொம்ப அக்கறையாக விசாரித்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கடல்மேல் விரித்தாராம். எல்லாரும் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்களாம். துணி நனையாதா என்றதற்கு, அந்தக் காலத்து நெசவு அப்படி என்றார் அண்ணன்.

மூன்றாம் தடவை கப்பல் மூழ்கவே இல்லை. பூட்டன் விடவில்லை. நங்கூரச் சங்கிலியைப் பல்லில் கடித்து, நாலு நாள் நீந்தி, கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்துவந்துவிட்டார். வாயில் சங்கிலியோடு வழி கேட்டது எப்படி என்றார் பெலவேந்திரன்.

"திமிங்கிலம் ஒண்ணு முன்னால போச்சு வே. கேக்க வேண்டிய அவசியமே இல்ல."

துரை பூட்டனின் தோணிக்கே வந்து கழுத்தில் மெடலைப் போட்டதும், அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாம். சமன்செய்ய, மறுபக்கம் துரையையே உட்காரவைத்தார்களாம். இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையே அண்ணனுக்குச் சந்தேகமாகப் பட்டது. பையிலிருந்து சென்னை ஆவணத்தின் நகலை எடுத்து, நம்பாதவர்கள் வாசித்துக்கொள்ளட்டும் என்று மேசையில் போட்டார். முழுக்க இங்கிலீஷ். சங்கத்தில் அதை வாசிக்கக்கூடியவர் மெட்டில்டா டீச்சர் ஒருத்தர்தான்.

டீச்சர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, இதை யாரிடமாவது காட்டினீர்களா என்று மெல்லக் கேட்டார். பூட்டன் பேர் இருக்கிறது, மெடல் என்றும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார் அண்ணன்.

"மெடல் வாங்கினது கப்பல் சமையல்காரர் மீரான் லெப்பை," என்றார் டீச்சர். "துறைமுகப் படியில வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்த தண்டல் தொம்மந்திரையைத் தூக்கிவிட்டதுக்காக. ஆழம் மார்பளவுன்னு போட்டிருக்கு."

அண்ணனின் காது சிவந்துபோனது. மூன்று தடவையும் ரயிலில் நின்றுகொண்டே போய்வந்த மனுஷன். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவர் காகிதத்தை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரி டீச்சர். எங்க பூட்டன் விழலேன்னா, அந்த மனுஷனுக்கு மெடல் எங்கிருந்து வந்திருக்கும்?"

பெலவேந்திரன் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"கூடத்துக்கு லெப்பை பேரு. அதோட படிக்கட்டுக்கு உங்க பூட்டன் பேரை வச்சிருவோம்ணே."