தளவாய் தாடி வளர்த்த கதை

கரும்பாறைச் சீமையை ஆண்டவன் கோதண்டராயன். நல்லவன்தான். காது மட்டும் இளகியது. கடைசியாக யார் பேசினாலும் அதுதான் வேதம். அதிகம் பேசியவன் படையை நடத்தும் தளவாய் வீரப்பெருமாள்.

ஒரு நாள் தளவாய் சொன்னான்: "மகாராஜா, நம் ஆட்கள் பாதி ஆயுளைத் தூங்கியே கழிக்கிறார்கள். தூக்கத்தை நிறுத்தினால் வேலை இரட்டிப்பாகும்."

ராஜாவுக்குப் பிடித்துப் போயிற்று. பறை அறைந்தார்கள். அரண்மனைச் சேவகத்தில் இருக்கும் எவனும் இனிமேல் தூங்கக் கூடாது. தூங்கினால் தலை போகும். ராஜா மட்டும் மத்தியானம் சாப்பிட்டதும் குறட்டை விடுவான். அது தூக்கம் இல்லையாம். ராஜ்ய சிந்தனையாம்.

மனிதன் தூங்காமல் இருப்பானா? ஒளிந்து ஒளிந்து தூங்கினார்கள். தூணுக்குப் பின்னால், நின்றபடி, அரைக்கண்ணில். அது எந்த மூலைக்குப் போதும்? எல்லாருக்கும் கண் சிவந்தது, தலை இடித்தது, வயிறு கெட்டது. சமையற்காரன் ரசத்தில் வெல்லம் போட்டான். வைத்தியர் குதிரைக்குக் கலக்கிய பேதி மருந்தைப் புரோகிதருக்குக் கொடுத்தார். நியாயாதிபதி மாடு திருடியவனை விட்டுவிட்டு மாட்டைச் சிறையில் அடைத்தார். ஆஸ்தானப் புலவர் பகைநாட்டு ராஜாவைப் புகழ்ந்து பாடிப் பரிசும் வாங்கிப் போனார். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர்களும் தூங்காதவர்கள்தானே.

"வேலை இரட்டிப்பாகிவிட்டது, மகாராஜா," என்றான் தளவாய்.

பொய் இல்லை. எல்லா வேலையையும் இரண்டு தரம் செய்ய வேண்டியிருந்தது.

இந்த லட்சணத்தில் யானைப்பாகன் சடையன் பிடிபட்டான். யானையைச் சங்கிலியில் கட்டிவிட்டு வைக்கோல் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறான். தளவாயே சபைக்கு இழுத்து வந்தான்.

"ஏண்டா தூங்கினாய்?" என்றான் ராஜா.

"கண்ணு சொருகுதுங்க சாமி. இந்த நெலமையில யானை மேல ஏறினா, கடைத்தெருவுல நாலு பேரை மிதிச்சிரும். அதான் கட்டிப் போட்டுட்டுப் படுத்தேன்."

"எதிர்ப்பேச்சு வேறு," என்றான் தளவாய். "இவன் தலையை வாங்குங்கள், மகாராஜா. மற்றவர்கள் தானாக முழித்திருப்பார்கள்."

ராஜா சரியென்று தலையை ஆட்டினான். சடையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

சபையில் தாண்டவன் இருந்தான். ராஜாவுக்கு யோசனை சொல்கிற ஆள். கேட்காத யோசனையும் சொல்வான். அவன் எழுந்தான்.

"தீர்ப்பு சரி, மகாராஜா. ஆனால் மரண தண்டனைக்கு முத்திரை வைக்குமுன் ராஜா சவரம் செய்துகொள்வது நம் வழக்கமாயிற்றே. இன்று பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் நானே நாவிதனை அழைத்து வருகிறேன்."

அப்படி ஒரு வழக்கம் அந்தச் சீமையில் உண்டு. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் காலை ராஜா சாய்ந்து உட்கார்ந்தான். எதிரே சடையன், கை கட்டிய நிலையில். தாண்டவன் நாவிதன் வெள்ளையனைக் கூட்டி வந்தான்.

வெள்ளையன் தள்ளாடினான். தூணைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். தளவாயின் பட்டு அங்கவஸ்திரத்தை இழுத்து அதில் கத்தியைத் தீட்டினான். ராஜாவின் கன்னத்தை விட்டுவிட்டுக் காதில் தண்ணீர் தடவினான்.

"இவனுக்கு என்ன வந்தது?" என்று தாண்டவனைக் கேட்டான் ராஜா.

"உங்கள் ஆணையை இவனைப் போல் யாரும் மதித்ததில்லை, மகாராஜா. பறை அறைந்த நாள் முதல் பொட்டுத் தூக்கம் கிடையாது."

கத்தி ராஜாவின் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்தது. வெள்ளையன் பெரிய கொட்டாவி விட்டான். தலை மெல்ல முன்னால் சாய்ந்தது.

"தாண்டவா," என்றான் ராஜா, உதடு அசையாமல். "இவனை அப்புறப்படுத்து."

"ஏன், மகாராஜா? தூங்காத கை இரட்டிப்பு வேலை செய்யும் என்று தளவாய் சொன்னாரே. சந்தேகம் இருந்தால் முதலில் அவருக்குச் செய்து பார்ப்போமா?"

தளவாய் பின்னால் நகர்ந்தான். "நான் தாடி வளர்ப்பதாக நேர்த்திக்கடன்."

"எப்போதிலிருந்து?" என்றான் தாண்டவன்.

"இப்போதிலிருந்து."

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஆணை ரத்து. எல்லாரும் போய்த் தூங்குங்கள். முதலில் இந்தப் படுபாவி தூங்கட்டும்."

"சடையன் தலை?" என்றான் தாண்டவன்.

"அது அவனிடமே இருக்கட்டும். யானை ஊரை மிதிக்காமல் கட்டிப்போட்டுப் படுத்தவன் எங்கே, நான் எங்கே. கத்தியை எடுக்கச் சொல்லடா."

தாண்டவன் கண்ணைக் காட்டினான். வெள்ளையன் நிமிர்ந்தான். கன்னத்தில் ஒரே இழுப்பு. ஒரு கீறல் இல்லை.

ராஜா தடவிப் பார்த்தான். "தூங்காதவன் கையா இது?"

"இல்லை, மகாராஜா. ராத்திரி என் வீட்டில் பாய் போட்டுக் கொடுத்தேன். விடியும்வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். தள்ளாட்டம் நான் சொல்லிக் கொடுத்தது."

"என் ஆணையை மீறினீர்களா?"

"மீறினோம். தூங்காதவனை உங்கள் கழுத்துக்குப் பக்கத்தில் விட எனக்கென்ன பைத்தியமா?"

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் மறு கன்னத்தில் கத்தி. அடக்கிக்கொண்டான். கத்தி உறைக்குள் போன பிறகுதான் வயிறு குலுங்கச் சிரித்தான்.

தாண்டவனுக்கு முத்துமாலை. வெள்ளையனுக்குப் புதுக் கத்தி. சடையனுக்கு ஒரு நல்ல பாய்.

தளவாய்க்குத் தாடி. சபையறிய நேர்ந்துகொண்டானே, எடுக்க முடியுமா?