கையை உதறாத மூத்தவள்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் குடியிருப்பவர்களுக்கும் வாய் இருந்தது. குடல் முணுமுணுக்கும், ஈரல் அதட்டும். சிறுநீர்ப்பைக்குள் மட்டும் எந்நேரமும் பெண்கள் பேச்சுதான். பையின் உள்சுவரே அவர்கள்தான். உப்புநீர் ஒரு சொட்டும் கசியாதபடி மூத்தவர்கள் கைகோத்து முன்னால் நிற்பார்கள். இளையவர்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பற்றிய கையை உதறக் கூடாது. யார் பற்றினாலும் சரி, உதறினால் பாவம். கைகோத்தே வாழ்கிறவர்களுக்கு நல்ல வழக்கம்தான். வினையும் அதில்தான் வந்தது.

அவர்கள் இருந்த உடம்பு சந்தனமாரியுடையது. கைக்குழந்தைக்காரி. உப்பளத்தில் வேலை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திதான், ஒதுங்க ஒரு செடி கிடையாது.

"ஏட்டி, ஒரு வாய் தண்ணி குடி. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு" என்றாள் கூட வேலை செய்த பேச்சிக்கனி.

"குடிச்சா எங்க போயி ஒதுங்க மதினி? வீட்டுக்குப் போயிக் குடிச்சிக்கிடுதேன்."

பாவி மகள், காலையிலிருந்தே அடக்கி வைத்திருந்தாள். ஓடுகிற நீராக இருந்தால் எதிரே வருவதையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். தேங்கிய நீரில் கிருமிகள் கீழ்வழியாகச் சாவகாசமாக ஏறி வந்தன. வந்து, கொக்கி போன்ற விரல்களால் முன்னால் நின்ற ஒரு மூத்தவளின் கையைப் பற்றிக்கொண்டன.

மாலையில் வீட்டுக்குப் போனதும் சந்தனமாரி நீர் கழித்தாள். பைக்குள் வெள்ளம் புரண்டது. கிருமிகள் அசையவே இல்லை. பிடித்த இடத்திலேயே பல்கிப் பெருகின.

"அக்கா, உதறித் தள்ளு!" என்று பின்னாலிருந்து இளையவள் கத்தினாள்.

"பிடிச்ச கைய உதறப்படாதுட்டி."

"இதுக மேல ஏறிச் சிறுநீரகத்தப் பிடிச்சிட்டா இவ பொழைக்க மாட்டா. அப்புறம் வழக்கத்த வச்சி என்ன செய்ய? பச்சப் புள்ளைய யாரு பாப்பா?"

வெளியே குழந்தை பாலுக்கு அழுதது. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை அணைத்து, "அம்மா இருக்கேன்ல, அழாத" என்று சந்தனமாரி தேற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டு மூத்தவளுக்கு மனசு பொறுக்கவில்லை.

"நான் உதற மாட்டேன். இதுகளையும் கூட்டிக்கிட்டு நானே போயிருதேன்" என்றாள்.

இரு பக்கமும் நின்றவர்களைப் பார்த்து, "எங்கைய விடுங்க தாயி" என்று கெஞ்சினாள். அதுவரை அந்தப் பைக்குள் யாரும் யார் கையையும் விட்டதில்லை. அவர்கள் அழுதுகொண்டே விட்டார்கள்.

"ஏட்டி, முன்னால வந்து என் எடத்துல நில்லு. மொதல்ல எரியும், பொறுத்துக்க" என்றாள் இளையவளிடம். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்குள் வெளியே, பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு வந்த பேச்சிக்கனி செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, சந்தனமாரியை மிரட்டி மிரட்டிக் குடிக்க வைத்துவிட்டாள். மறுபடி வெள்ளம் வந்தது. மூத்தவள் சுவரைவிட்டுப் பிரிந்து அதோடு போனாள். சுவரைத்தான் பிடித்திருக்கிறோம் என்ற நினைப்பில் கிருமிகளும் பிடியை விடாமல் வெளியே போய்ச் சேர்ந்தன.

இளையவள் முன்னால் வந்தாள். அதுவரை உப்புநீர் படாத மேனி.

"எரியுதே மதினி!" என்று சந்தனமாரி கண்ணீர் விட்டாள்.

பிள்ளை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் பைக்குள் கிருமி பற்றினால் மேல்தோல் அதைக் கூட்டிக்கொண்டு உதிர்ந்து போகிறது, நீர் கலங்கி வருகிறது. கூடவே வரும் அந்த எரிச்சல், அக்காவை அனுப்பிவிட்டு அவள் இடத்தில் வந்து நிற்கிற தங்கையுடையது.