ஸ்டூலுக்கு இரண்டு சுற்று

கொடைக்கானலில் ஒரு கூடம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து, காலி நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அங்கேதான் வருஷா வருஷம் சிறுவர் பியானோ போட்டி. வாசிப்பது யாரென்று தெரியக்கூடாது என்று நடுவர் கிளாரன்ஸ் மாஸ்டர் திரைக்குப் பின்னால் உட்காருவார். ஆனாலும் பரிசெல்லாம் அவருடைய மாணவர்களுக்கே போகும்.

சர்ச் ஆர்மோனியத்தில் பழகிய பத்து வயது எப்சிபா பெயர் கொடுக்க வந்தாள். மாஸ்டர் சிரித்தார்.

"ஆர்மோனிய விரலா? திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே கண்டுபிடிச்சிடுவேன். நூத்துக்குப் பத்து மார்க் நீ தாண்டிட்டா, இந்த நாற்காலியை விட்டே எழுந்துடறேன்."

"சரிங்க சார்" என்றாள்.

போட்டி தொடங்கியது. காத்திருந்த எப்சிபா கண்ணை மூடிக் கேட்டாள். மாஸ்டரின் மாணவர்கள் மட்டும் வாசிக்கும் முன் பியானோவின் சுழல் ஸ்டூலை இரண்டு சுற்று சுற்றினார்கள். கிரீச், கிரீச்.

அவள் முறை வந்தது. கிரீச், கிரீச். பிறகு வாசித்தாள். சுரங்கள் மேகத்தில் ஏறி மிதந்தன. கேட்டவர்களுக்குத் தாங்களும் அரையடி மேலே மிதப்பதுபோல் இருந்தது.

"நூத்துக்கு நூறு! என் மாணவன் கை! ஆயிரம் பேர் வாசிச்சாலும் எனக்குத் தெரியும்!" என்று மாஸ்டர் திரையை விலக்கினார்.

ஸ்டூலில் எப்சிபா. கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏமாத்திட்டியே!"

"நான் என்ன சார் பண்ணேன்? உயரம் பத்தலைன்னு ஸ்டூலை ரெண்டு சுத்து சுத்தினேன். அதுக்கா நூறு மார்க் போட்டீங்க?"

கூடமே சிரித்தது. மாஸ்டர் எழுந்தார். காலியான நாற்காலியில் மேகம் வந்து உட்கார்ந்தது.