பூசணி இனத்தில் சேர்ந்த தாட்பூட் கொடி

ஏழுமடை நாட்டு ராஜா செண்பகபூபதிக்குத் தாட்பூட் பழம் என்றால் உயிர். குளிர்மலையில் விளையும் அந்தப் புளிப்பான பழம் தன் அரண்மனைத் தோட்டத்திலேயே காய்க்க வேண்டும் என்று ஒருநாள் ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் அவஸ்தை அடுத்தவருக்குத்தானே. மலையில் அதைப் பயிரிடும் பூவாயியை, கொடியும் வேருமாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

"சாமி, இதுக்குப் பனி வேணும், சரிவு வேணும். பந்தல்ல ஏத்தணும். வேர்ல தண்ணி நின்னா அழுகிரும்" என்றாள் அவள்.

அரண்மனைப் பண்டிதர் உத்தண்டர் சிரித்தார். செடிகொடிகளை இனம் பிரித்து ஓலையில் எழுதுவது அவர் உத்தியோகம். மண்ணைத் தொட்டால் கை அழுக்காகும் என்பது அவர் கொள்கை.

"இந்தக் கொடியில் பிடித்து ஏறும் சுருள் இருக்கிறது. பூசணியிலும் இருக்கிறது. ஆகவே இது பூசணி இனம். தரையில் படரவிடு. பாத்தி நிறையத் தண்ணீர் கட்டு."

"பூசணியில ஆண்பூ வேற, பெண்பூ வேற சாமி. இதுல எல்லாம் ஒரே பூவுக்குள்ள இருக்கு."

"எனக்கே பாடமா?" என்றார் பண்டிதர். படித்தவர் சொல்கிறாரே என்று ராஜாவும் அவர் எழுதிய ஓலையில் முத்திரை வைத்துவிட்டார். படித்துப் பார்த்தா வைத்தார்?

இரண்டே மாதத்தில் கொடி அழுகியது. பழி பூவாயி மேல் விழுந்தது. அவளுடைய மலைத்தோட்டத்தைப் பறிக்க ஆணை எழுதியாயிற்று. மறுநாள் விருந்து முடிந்ததும் முத்திரை விழும்.

மந்திரி கூத்தபிரானுக்கு இது பொறுக்கவில்லை. கொடியைக் கொன்றவர் சந்தனம் பூசிக்கொண்டு உலாவுகிறார், வளர்க்கத் தெரிந்தவள் தெருவில் நிற்பதா? ராஜாவிடம் நியாயம் பேசிப் பிரயோஜனமில்லை என்பது அவருக்குத் தெரியும். நேரே சமையற்கட்டுக்குப் போனார்.

விருந்தில் எல்லார் இலையிலும் நெய்ச்சோறு. பண்டிதர் இலையில் மட்டும் ஒரு கட்டு அகத்தித் தழை.

"ஓய் மந்திரி, இது என்ன?"

"உங்கள் ஆகாரம்தான். உங்களுக்குத் தாடி இருக்கிறது. ஆட்டுக்கும் தாடி இருக்கிறது. உங்கள் முறைப்படியே இனம் பிரித்தேன்."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. பண்டிதர் கொதித்தார். "தாடியை வைத்தா இனம் பார்ப்பது? எதைக் கொடுத்தால் உயிர் வாழும் என்று கேட்க வேண்டாமா?"

"கேட்கத்தான் வேண்டும். பூவாயி கேட்காமலே சொன்னாளே, நீங்கள் காதில் போட்டுக்கொண்டீர்களா?"

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போதும், அவருக்குச் சோறு போடுங்கள்."

"பொறுங்கள் அரசே. சுருளை வைத்து இனம் பிரித்த ஓலையில் உங்கள் முத்திரை இருக்கிறது. அந்த முறை செல்லுபடியாக இருக்கும்வரை இந்த இலையில் சோறு விழுந்தால் அது ராஜதுரோகம்."

பக்கத்து இலையிலிருந்து நெய் மணத்தது. பண்டிதர் எச்சிலை விழுங்கினார். பிறகு அவரே எழுத்தாணி கேட்டு வாங்கி, 'இது பூசணி அல்ல, தனி இனம். கொடி அழுகியது என் பிழை' என்று எழுதினார். ராஜா பறிமுதல் ஆணையைக் கிழித்துப்போட்டு, அடுத்த மலைச்சரிவையும் பூவாயிக்கே கொடுத்தார்.

கூத்தபிரான் சமையற்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.

"பண்டிதருக்குச் சோறு போடுமய்யா. அப்படியே ஒவ்வொரு கறிக்கும் பெயர் சொல்லிப் பரிமாறும். பாவம், அவருக்குப் பார்த்தால் தெரியாது."