குருவம்மாவின் தயிர்சாதமும் காளத்தியின் கம்பைலரும்

மலையடிவார மடத்தில் கணினிக்கென்றே ஒரு குரு இருந்தார். பெயர் மங்கையர்க்கரசி, குருவம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பச்சை மிளகாயை முறுக்குப் போலக் கடிப்பவர். சீடர் காளத்தி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் திருவிழா அன்னதானம். ஒருவரே இரண்டு பந்தியில் உட்காராதபடி முகம் பார்த்து டோக்கன் கொடுக்கும் நிரலைக் காளத்தி எழுதியிருந்தார். கூடத்தில் இரண்டு வரிசை. பெரிய வரிசையின் புதுக் கணினியில் அது பறந்தது. சின்ன வரிசையின் பழைய கணினியிலோ, ‘புரியாத கட்டளை’ என்று காட்டிவிட்டு நின்றுபோனது. விடிந்தால் கூட்டம் கூடத்தைப் பிய்த்துவிடும், மடம் காளத்தியைப் பிய்த்துவிடும். மனிதர் குருவம்மாவிடம் ஓடினார்.

“அம்மா, என் மேல தப்பே இல்ல. ‘கணினிக்குள்ள இருக்கற பிராசஸர் என்ன வகைன்னு நீயே பார்த்து, அதுக்கு ஏத்தபடி நிரலைச் செஞ்சு குடு’ன்னு நான் எழுதறதைக் கணினிக் கட்டளையா மாத்தற கம்பைலர்கிட்ட சொன்னேன். அதுவும் சரியாத்தான் பார்த்துச்சு.”

“எந்தக் கணினில உக்காந்து பார்த்துச்சு?”

“புதுசுலதான்.”

“சாப்பிட்டீங்களா?”

“இப்பப் போய் சாப்பாடா?”

குருவம்மா அடுப்படிக்குப் போய்த் தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தார். ஒரு வாய் வைத்ததும் காளத்திக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

“ஐயோ, மிளகாயை அரைச்சா ஊத்தினீங்க?”

“ருசி பார்த்தேனே. சரியாத்தான் இருந்துச்சு.”

“யாரு நாக்குல பார்த்தீங்க?” என்று கத்தியவர் அப்படியே நின்றார். பிறகு தண்ணீர்ச் சொம்போடு கணினி அறைக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். முகத்தில் பாதிதான் தெளிவு.

“எல்லாப் பிராசஸருக்கும் புரியற கட்டளை மட்டும் போட்டேன். பழசு ஊர்ந்தாவது ஓடுது. ஆனா வேகக் கட்டளை எல்லாம் போயிட்டதால, புதுசும் இப்ப அதே மாதிரி ஊருது அம்மா. பெரிய வரிசை நகராது. எனக்கு அடி நிச்சயம்.”

குருவம்மா மறுபடியும் தயிர்சாதம் வைத்தார். காளத்தி தள்ளி உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்க, இதுல காரமே இல்ல” என்றவர், வறுத்த மோர்மிளகாய் ஒன்றைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “முடிஞ்சவங்க கடிச்சுக்கட்டும்.”

“யாருக்கு முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? சாப்பிட உக்காந்ததும் அவங்க நாக்கையே கேட்டுக்கட்டும்.”

“அப்ப நிரல் ஓட ஆரம்பிச்சதும் அந்தந்தக் கணினியையே கேட்டுட்டு, முடிஞ்சதுக்கு மட்டும் வேகக் கட்டளையைப் போடணும்!” என்று காளத்தி மறுபடியும் கணினி அறைக்கு ஓடினார்.