கீரி மூடாத ஃபைல்கள்

அல்லிக்குளத்துக் கரையில், ஒரு பெரிய மரப்பொந்தில், காட்டு விலங்குகளுக்கென்று ஒரு கணினி இருந்தது. அதை நெடுங்காலன் என்ற நாரை பார்த்துக்கொண்டது. யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமை அதில் ஓட்டலாம். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆயிரம் ஃபைல்களைத்தான் திறந்து வைக்கலாம். அது நாரை போட்ட வரம்பு.

செம்பன் என்ற கீரி எழுதிய புரோகிராம் குளத்து நீர்மட்டத்தை ஓயாமல் அளக்கும். ஒவ்வொரு அளவையும் ஒரு புது ஃபைலில் எழுதும். தண்ணீர் ஏறினால் மணி அடிக்கும். அந்த மணியை நம்பித்தான் பஞ்சி என்ற முயல் குளத்தோரப் பள்ளத்தில் வளை தோண்டி, நான்கு குட்டிகளைப் போட்டிருந்தது.

"என் கை பட்ட வேலைன்னா வேலை!" என்று கீரி வாலைச் சிலுப்பிக்கொண்டு திரிந்தது.

ஒருநாள் புரோகிராம் மேற்கொண்டு அளக்க முடியாமல் சிக்கி நின்றது. 'திறந்த ஃபைல்கள் அளவு மீறிவிட்டன' என்றது திரை.

"வரம்பக் கூட்டுங்க, நாரையண்ணே! இதுலயுமா கஞ்சத்தனம்?" என்றது கீரி.

நாரை வரம்பை இரண்டாயிரமாக்கி, எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓட்டியது. நிறுத்தியதில் திறந்து கிடந்ததெல்லாம் மூடிக்கொண்டது. புரோகிராம் மறுபடி ஓடியதைக் கீரியோ தன் சாமர்த்தியம் என்று நினைத்தது.

இரண்டே நாளில் அதுவும் நிரம்பியது.

"எம்மேல தப்பே இல்ல! இந்த எறும்புங்கதான் என்னமோ எழுதிக்கிட்டே இருக்குதுங்க. அதுங்க புரோகிராமை நிறுத்துங்க!" என்று அதே கணினியில் புரோகிராம் ஓட்டிய எறும்புகளைக் கைகாட்டியது கீரி.

"எந்த ஃபைலை யாரு திறந்தாங்கன்னு கணினியே பட்டியல் தருமே. பார்த்துடலாமா?" என்றது நாரை.

"என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்று கீரி சீறியது.

நாரைக்கு வம்பு பிடிக்காது. எறும்புகளின் புரோகிராமை நிறுத்திவிட்டு, மற்றதை மறுபடி ஓட்டியது. "நாங்க திறந்தது மூணே மூணு ஃபைலுங்க!" என்று எறும்புகளின் தலைவி கடுகி கெஞ்சியது. யார் காதில் விழுந்தது?

அடுத்த இரண்டு நாளில் மழை கொட்டியது. குளம் ஏறியது. கீரியின் புரோகிராம் மறுபடி சிக்கி நின்றிருந்ததால் மணி அடிக்கவில்லை. முயல் குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி நிம்மதியாகப் படுத்திருந்தது. முட்டைகளோடு மேடேறிக்கொண்டிருந்த எறும்புகள்தான் வளைக்குள் எட்டிப் பார்த்தன.

"பஞ்சியக்கா, தண்ணி வருது! குட்டிங்களத் தூக்குங்க!"

நான்காவது குட்டியைக் கவ்வும்போது தண்ணீர் முயலின் கழுத்துக்கு வந்துவிட்டது.

மழை விட்டதும் நாரை யாரையும் கேட்காமல் பட்டியலை எடுத்தது. இரண்டாயிரம் ஃபைல்களும் கீரியின் பெயரில் இருந்தன! எழுதி முடித்த ஃபைலை மூடச் சொல்லும் ஒற்றை வரியைக் கீரி எழுதவே இல்லை.

கீரி கூனிக் குறுகிப்போனது. முயல் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதுவோ நனைந்த குட்டிகளை நக்கிக்கொண்டே, "இனிமே மணி அடிக்கும்தானே, செம்பா?" என்று கேட்டது. கீரியால் முயலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்துவிட்டுக் கீரி எறும்புகள் இருந்த மேட்டுக்குப் போனது. "தப்பு என்னோடது. உங்க தலைல போட்டுட்டேன்" என்றது.

"நாங்க அன்னிக்கே சொன்னோமே" என்றது கடுகி, சுமந்த முட்டையைக் கீழே வைக்காமலே.

வரம்பைக் குறை சொல்லும் முன், அடுத்தவர் மேல் பழி போடும் முன், தான் திறந்ததைத் தானே மூடினோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.