அவரைப் பந்தலுக்குக் காவல் நின்ற மைனா

ஓர் அவரைப் பந்தலில் சொக்கி என்ற மைனா காவல் இருந்தது. யாரும் அதைக் காவலுக்கு வைக்கவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. வாய் ஓயாமல் பேசும். அடுத்தவர் பேச்சைக் கேட்க மட்டும் அதற்குப் பொறுமை கிடையாது.

அந்த வருடம் கொழுந்தெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. சாற்றை உறிஞ்ச உறிஞ்ச இலை சுருண்டது. அப்போதுதான் செம்பா என்ற பொறிவண்டு வந்து, இலைக்கடியில் மஞ்சள் முட்டைகளை வைத்தது.

"அக்கா, பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போயிட்டு வர்றேன். என் பிள்ளைங்களைப் பார்த்துக்கோ. இந்த அசுவினியை எல்லாம் அதுங்க தின்னு தீர்த்துடும். ஒண்ணு சொல்லணும், அதுங்க பார்க்கிறதுக்கு..."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ கிளம்பு!" என்றது சொக்கி.

பிள்ளைகள் தாயைப்போலச் சிவப்பாக, உருண்டையாக இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டது.

சில நாளில் முட்டைகளைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பாக, முள் முள்ளாகப் புழுக்கள் ஊர்ந்தன. 

"முட்டையெல்லாம் எங்கே?" என்று சொக்கி ஒரு கிழட்டு அசுவினியைக் கேட்டது.

கிழத்துக்குத் தன் உயிர் பிழைக்க வழி தெரிந்துவிட்டது. "பாவம், இந்தக் கறுப்புப் புழுக்கள்தான் தின்னுடுச்சு தாயி. நாங்க கண்ணால பார்த்தோம்."

அவ்வளவுதான். சொக்கி ஒவ்வொரு புழுவாகக் கொத்தியது. வாயெல்லாம் கசந்தது. துப்பித் துப்பிக் கொத்தியது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செம்பா திரும்பி வந்தது. "பிள்ளைங்க எங்கே அக்கா?"

"கறுப்புப் புழு வந்து முட்டையைத் தின்னுடுச்சு செம்பா. ஆனா நான் சும்மா விடல. எல்லாத்தையும் கொன்னுட்டேன்."

செம்பா தரையில் செத்துக் கிடந்த புழுக்களைப் பார்த்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்றது.

"சின்னதுல நானும் இப்படித்தான் அக்கா இருந்தேன்," என்றது.

 பாவி, என்ன செய்துவிட்டேன் என்று சொக்கி உள்ளுக்குள் குமைந்தது. செம்பா பறந்து போனது. அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அசுவினி பெருகிப் பந்தலை மூடியது. பூ உதிர்ந்தது, பிஞ்சு கருகியது. தோட்டக்காரர் கொடியை வேரோடு பிடுங்கிக் கொளுத்தினார்.

நண்பன் யார், பகைவன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காவல் நிற்பவர், கடைசியில் பகைவனுக்கே காவல் நிற்கிறார்.